பார்த்துட்டேன், வாரேன்

பரளச்சி விலக்கு,
25.2.2024

அன்புத் தங்கச்சி தங்கச்செல்விக்கு,

அண்ணன் சண்முகவேல் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகப்பிரியாவும் திருப்பூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். எனக்குக் கண் தெளிவாக இருக்கிறது, கால் பலமாக இருக்கிறது, பசி முன்னைவிட அதிகம். உன் மதினிக்கு மட்டும் முழங்கால் அவ்வப்போது மக்கர் செய்கிறது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. நம் மில்லைத் திறக்கப்போகிறார்கள்.

ஐந்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த கேட்டுக்குப் போன வெள்ளிக்கிழமை பெயின்ட் அடித்தார்கள். உள்ளே மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். ஓட்டு வரப்போகிறது அல்லவா, தேதி அறிவிப்பதற்குள் செய்துவிட வேண்டும் என்று ஒரே அவசரம். மேலே இருந்து வந்தவர் கேட்டில் நின்று, கூட்டுறவு மில் என்பது தொழிலாளியின் சொத்து, இதை மூடி வைத்தவர்களுக்கு மன்னிப்பே கிடையாது, ஜூன் மாதம் முதல் ஷிப்ட் ஓடும் என்று மைக்கில் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் மில் சங்கையும் ஊத வைத்தார். முழுசாக ஒரு நிமிஷம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். என்னோடு வேலை பார்த்த சோலைச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும் கேட்டேன். அதே சத்தம், கொஞ்சமும் மாறவில்லை.

பழைய ஆட்களுக்கே முதலிடம் என்று பெயர் எழுதிப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயரையும் சேர்த்துவிட்டேன். டாக்டர் சோதனை மட்டும் உண்டாம். கண், காது, நெஞ்சு எல்லாம் சரியாக இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். மாப்பிள்ளைக்கு என்ன, கல் மாதிரி இருக்கிறார்.

போன் எடுக்கவில்லை என்று கோபிக்காதே. இங்கே டவர் சரியில்லை. கிடைத்தாலும் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடுகிறது. கடிதம் என்றால் திரும்பத் திரும்பப் படிக்கலாம். மருமகளைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
சண்முகவேல்


திருப்பூர்,
12.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு இருமல் நின்றுவிட்டது. மதினியின் முழங்காலுக்கு நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று தபால்காரம்மா ஒரே சிரிப்பு. இந்தக் காலத்தில் மாசத்துக்கு ஒரு கடிதம் வருகிற வீடு இந்தத் தெருவிலேயே இது ஒன்றுதானாம். டவர் இல்லை என்று நீங்கள் எழுதியதை இவுகளிடம் படித்துக் காட்டினேன். மில்லில் இருந்த பால்ச்சாமி அண்ணன் அதே ஊரிலிருந்து தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்புகிறாரே, அவருக்கு மட்டும் தனியாக டவர் நட்டிருக்கிறார்களா என்று கேட்கிறார். நான் மூன்று தடவை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

மில் திறக்கிறது என்று படித்ததிலிருந்து இவுகளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பனியன் கம்பெனியில் நாலு வருஷம் ஆகியும் இவருக்கு அந்த வேலை ஒட்டவே இல்லை. உடம்பு இங்கே இருக்கிறது, பழக்கமெல்லாம் மில்லில்தான். நான் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் இன்னமும் வாயைத் திறந்து பதில் சொல்வதில்லை. நிமிர்ந்து பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார். சாப்பிட வருகிறாரா, வேண்டாம் என்கிறாரா, ஒன்றும் புரியாது. கேட்டால், நூல் நூற்கிற ரிங் பிரேம் ஓடுகிற சத்தத்தில் வாயால் பேசி என்ன பிரயோசனம், தலையாட்டினால் ‘பார்த்துட்டேன், வாரேன்’ என்று அர்த்தம், உன் அண்ணனைக் கேட்டுப் பார் என்கிறார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலத்தான் பேசுகிறீர்கள்.

எனக்குத்தான் மனசில் ஒரு பயம். ஓட்டு வருகிற வருஷத்தில் ஊதுகிற சங்கை நம்பலாமா அண்ணா? இவர் கம்பெனியில் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிடத் துடிக்கிறார். சுகப்பிரியாவுக்குப் பத்தாவது பரீட்சை நடக்கப்போகிறது. அவளை அருப்புக்கோட்டையில் பதினொன்றாம் வகுப்பில் சேர்ப்பதா, இங்கேயா? நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அதன்படி செய்கிறோம். உங்கள் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் இவர் கேட்கமாட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் போனை எடுங்கள்.

உங்கள் தங்கை,
தங்கச்செல்வி


பரளச்சி விலக்கு,
2.5.2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி குறையில்லை. கண் தெளிவு, கால் பலம், பசி உண்டு. மதினியின் முழங்கால் உன் நொச்சித் தழைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்கிறதா?

ஓட்டு முடிந்தது. வேனெல்லாம் போய்விட்டது. ஆனால் நம் காரியம் நிற்கவில்லை. ஜூன் முதல் வாரம் அதிகாரிகள் மில் ஆபீசுக்கே வருகிறார்களாம், திறப்பது பற்றிப் பேச. தொழிலாளர் தரப்பில் ஷிப்டுக்கு ஒருவராக இரண்டு பேர் வரச் சொல்லியிருக்கிறார்கள். பகல் ஷிப்டுக்குப் பால்ச்சாமி. ராத்திரி ஷிப்டுக்கு நான்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். என்ன சொல்வது? சோலைச்சாமி விடவில்லை. “சண்முகவேலு ஓசியில ஒரு டீ குடிச்சு நான் பாத்ததில்ல. அவன் போனாத்தான் எனக்கு நிம்மதி”ன்னுட்டான். கூடியிருந்த நூற்றி நாற்பது பேரும் கைதட்டினார்கள். சரி என்றுவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இது. மாப்பிள்ளையைக் கம்பெனியில் சொல்லிவிடச் சொல். பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடு. கருவேலங்கட்டையைக் கரியாக்குகிற கரிமூட்டத்தில் நின்று நின்று என் தோலே கறுத்துவிட்டது, மாப்பிள்ளை அங்கே பனியன் கம்பெனியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். இருபத்தாறு வருஷம் பஞ்சோடு இருந்த எனக்கும் பதினாலு வருஷம் இருந்த அவருக்கும் இந்த வேலையெல்லாம் எதற்கு? அரசாங்கமே வாயைத் திறந்து சொல்லியிருக்கிறது, பெயர் எழுதியிருக்கிறது, கேட்டுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்? நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். உங்களுக்குக் குறை வராமல் பார்த்துக்கொள்வேன்.

அண்ணன்,
சண்முகவேல்


திருப்பூர்,
27.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு அழகர்சாமியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியபடியே செய்தாயிற்று. இவர் வியாழக்கிழமையோடு கம்பெனியில் நின்றுகொண்டார். சுகப்பிரியா நானூற்றி முப்பத்தொன்று எடுத்திருக்கிறாள். சான்றிதழை வாங்கிவிட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் இரண்டு தடவை கேட்டார், நல்லா யோசிச்சுத்தான் வாங்குறீங்களாம்மா என்று. எங்க அண்ணன் சொல்லிட்டாரு டீச்சர் என்றேன்.

ஜூன் பதினாறு ஞாயிற்றுக்கிழமை லாரிக்குச் சொல்லியிருக்கிறோம். அருப்புக்கோட்டையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்து வையுங்கள். தண்ணீர் வசதி முக்கியம். அடுப்படி சின்னதாக இருந்தாலும் சமாளித்துக்கொள்வேன்.

மீட்டிங்கில் தைரியமாகப் பேசுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதினியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
தங்கச்செல்வி


பரளச்சி விலக்கு,
7.6.2024

தங்கச்செல்விக்கு,

நலம்தானே.

லாரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. யாரும் வர வேண்டாம். மில் திறக்கவில்லை.

மாப்பிள்ளை கம்பெனியில் போய்த் திரும்பக் கேட்டுப் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்திலும் கேள்.

அண்ணன்


திருப்பூர்,
1.7.2024

அண்ணனுக்கு,

நாங்கள் சுகமாக இல்லை. நீங்கள் சுகமாக இருங்கள்.

மில் திறக்கவில்லை என்று நாலு வரி எழுதிவிட்டீர்கள். மீதியைப் பால்ச்சாமி அண்ணன் போனில் சொன்னார். மிஷினையெல்லாம் இரும்பு விலைக்கு ஏலம் விடுகிறார்களாம். கட்டடத்தை ஏதோ கம்பெனிக்குக் கிடங்காகக் கொடுக்கிறார்களாம். கேட்டில் ஒட்டிய பேப்பரைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ‘கிடங்காக மாற்றுவதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று அதில் டைப் அடித்திருக்கிறது. கீழே உங்கள் பெயர் இருக்கிறது. நீங்கள் கோணலாக ‘ச’ போடுகிற கையெழுத்து எனக்குத் தெரியாதா?

இவர் நம்பவில்லை. பால்ச்சாமி அண்ணனைத் திட்டினார். அதற்கு அவர் சொன்னது: “எலே உதயகுமாரு, நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். ஆபீசரு ஆட்சேபணை இல்லதானேன்னு கேட்டாரு. ஒம் மச்சான் தலைய ஆட்டுனான். அதுக்கு மேல நான் பேச என்ன இருக்கு?” அன்றைக்குப் போனை வைத்தவர்தான், வீட்டில் உங்கள் பெயரை எடுக்கவே விடவில்லை.

கம்பெனியில் இவர் இடத்தில் வடக்கத்திப் பையனைப் போட்டாயிற்று. இப்போது சாயப்பட்டறையில் நாள் கூலி. சுகப்பிரியாவின் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. இரண்டு பஸ் மாறி வேறு பள்ளிக்கூடம் போகிறாள். ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அரசாங்கம் ஏமாற்றினால் அது புதிதில்லை. சங்கு ஊதியபோதே எனக்குப் பாதி தெரியும். நான் சங்கை நம்பியா சான்றிதழை வாங்கினேன்? உங்களைத்தானே நம்பி வாங்கினேன்?

சின்ன வயசில் கூப்பிட்ட மாதிரிக் கேட்கிறேன். அண்ணே, நீ தலைய ஆட்டுனியா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

தங்கச்செல்வி


பரளச்சி விலக்கு,
18.7.2024

தங்கச்சிக்கு,

உடம்பைக் கவனித்துக்கொள். பிள்ளை பஸ்ஸில் ஏறி இறங்கும்போது பத்திரம்.

ஆமாம். ஆட்டினேன்.

வந்ததற்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அந்தக் கையெழுத்தின் தலையில் எதை டைப் அடித்தார்கள் என்று கேட்டில் ஒட்டிய பிறகுதான் எனக்கும் தெரியும்.

மிஷின்கள் போய்விட்டன. போன வாரம் நான் ஓட்டிய பதினொன்றாம் நம்பர் பிரேமை மூன்று துண்டாக வெட்டி லாரியில் ஏற்றினார்கள். ரோட்டு ஓரத்தில் நின்று பார்த்தேன். சோலைச்சாமியும் நின்றான், அந்தப் பக்கம். டீக்கடைக்கு நான் போனால் எல்லோரும் எழுந்துகொள்கிறார்கள். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஐந்து வருஷம் எங்களை வெயிலில் நிறுத்தி, ஓட்டுக்கு ஒரு சங்கு ஊதி, கடைசியில் எங்கள் தலையையே ஆட்டவைத்து எங்கள் வாயை அடைத்துவிட்டார்கள். அதற்கு மேல் இதில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை என்னைத் திட்டினால் திட்டட்டும். அவரை எதிர்த்து நீ பேசாதே.

அண்ணன்


பரளச்சி விலக்கு,
15.9.2024

அன்புள்ள தங்கச்செல்விக்கு,

மதினி கனகலட்சுமி எழுதுவது. நீ, தம்பி உதயகுமார், பிள்ளை எல்லோரும் சுகமா? எனக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அது கிடக்கட்டும். எழுதிப் பழக்கமில்லாத கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது.

உன் அண்ணனுக்குக் காது கேட்காது.

இன்று நேற்றில்லை, ஏழெட்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்று, முகத்தைக் காட்டிப் பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அந்தப் பக்கம் திரும்பிப் பேசினால் முடிந்தது. டவர் கோளாறும் இல்லை ஒன்றும் இல்லை, நீ அடித்த மூன்று தடவையும் போன் அவர் மடியில்தான் கிடந்தது. சங்கு ஊதினதைக் கேட்டேன் என்று உனக்கு எழுதியிருக்கிறார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் கரிமூட்டத்தில் நின்றோம். சங்கு ஊதியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். இவர் மூட்டத்தின் மேல் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லோரும் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் இவரும் ஓடினார். போய் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

டாக்டர் சோதனையில் காதும் பார்ப்பார்கள் என்றதிலிருந்து யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மீட்டிங்குக்குப் போகாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். போகவில்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள், காது விஷயம் தெரிந்துவிடும் என்று போனார். அந்த ஆபீசர் பைலைப் பார்த்துக்கொண்டு குனிந்தபடியே பேசினாராம். வாய் தெரியவில்லையாம். ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்து இவரைப் பார்த்தாராம். “அவரு என்னையப் பாத்தாரு. நானும் பாத்துட்டேன்னு தலைய ஆட்டுனேன். அம்புட்டுத்தான் கனகு” என்கிறார். அதில் என்ன அர்த்தமோ எனக்கு விளங்கவில்லை.

இதை ஊரில் சொல்லுங்கள், தங்கச்சிக்காவது எழுதுங்கள் என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். “காது கேக்காதவன் எதுக்குடா எங்களுக்காகப் பேசப் போனேன்னு கேப்பாக. அதுக்கு நான் துரோகியாவே இருந்துட்டுப் போறேன்” என்கிறார். நரிக்குடியிலிருந்து மகள் வந்தாள், அவளிடமும் பேசவில்லை. தட்டில் போட்டதை அப்படியே வைத்துவிடுகிறார். பசி உண்டு என்று உனக்கு எழுதுகிறாரே, அதை நம்பாதே.

உனக்கு அண்ணன் வேண்டும் என்றால் ஏதாவது செய்.

உன் மதினி,
கனகலட்சுமி


திருப்பூர்,
6.10.2024

மச்சானுக்கு,

உதயகுமார் வணக்கம். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் சரியில்லை.

கனகலட்சுமி அக்கா எழுதியதைச் செல்வி சத்தமாகப் படித்தாள். ‘பார்த்துட்டேன்னு தலையை ஆட்டினேன்’ என்கிற இடம் வந்ததும் நிறுத்து என்றேன். திரும்ப அதையே படிக்கச் சொன்னேன். அவளுக்கும் பிடிபட்டுவிட்டது.

மச்சான், பதினாலு வருஷம் எதிர் பிரேமில் நின்றவன் நான். நீங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை எனக்குத் தலையாட்டியிருப்பீர்கள். நூல் அறுந்து கையைத் தூக்கினால் ஒரு ஆட்டு. ஆட்டினால் வருவீர்கள், ஒரு தடவையாவது வராமல் இருந்ததில்லை. அந்தத் தலையாட்டுக்கு அர்த்தம் தெரியாத ஆபீசர் அதைச் சம்மதம் என்று எழுதியிருக்கிறான். அவனை விடுங்கள். எனக்கு அர்த்தம் தெரியுமே, நான் ஏன் மூன்று மாதம் உங்கள் பெயரைச் சொல்லவிடாமல் இருந்தேன்? பால்ச்சாமிக்கும் தெரியுமே. அவனுக்கு இரண்டு காதும் நன்றாகத்தானே கேட்கிறது? ஆபீசர் கேள்வியைக் காதால் கேட்டவன், உங்கள் தலையைப் பார்த்தவன், இது சம்மதம் இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இப்போது அந்தக் கிடங்குக்கு அவன்தான் வாட்ச்மேனாம். நேற்று போன் அடித்தான். எடுக்கவில்லை.

தீபாவளி லீவில் வருகிறேன். முதலில் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காதுக்குச் சர்ட்டிபிகேட் வாங்குவோம். அதை வைத்து மனுக் கொடுப்போம். மில் வராது, எனக்குத் தெரியும். அந்த வரியில் உங்கள் பெயர் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உதயகுமார்

அண்ணா, கீழே இருக்கிற இடத்தில் நான் எழுதுகிறேன். உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கண் தெளிவு, கால் பலம், பசி உண்டு என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது. காது என்று ஒன்றில்கூட இல்லை. நான் கவனித்திருக்க வேண்டும். அடுத்த கடிதத்தில் காதையும் சேர்த்து எழுதுங்கள். செல்வி.


பரளச்சி விலக்கு,
9.2.2025

அன்புத் தங்கச்சி செல்விக்கு,

கண் தெளிவு. கால் பலம். பசி இருக்கிறது, இந்தத் தடவை நிஜமாக. காது கேட்கவில்லை. நீ கேட்டபடி எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள். மாப்பிள்ளை சாயப்பட்டறையை விட்டு வேறு இடம் போனது நல்லது.

ஆஸ்பத்திரியில் நடந்ததை அவர் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயாலும் கேள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்துக் காதில் ஒன்றை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். நான் தூக்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மா ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பாழாய்ப்போன தலை, தானாக ஆடிவிட்டது. எனக்குச் சத்தம் கேட்டதாக நினைத்து அந்த அம்மா எழுதிவிட்டார். மாப்பிள்ளை பதறிப்போய்க் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா சிரித்துவிட்டு, எழுதியதை அடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சோதனை செய்தார். அடித்து எழுத எவ்வளவு நேரமாகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். பேனாவால் ஒரே ஒரு கோடு.

அந்தச் சர்ட்டிபிகேட்டோடு டிசம்பர் மாதம் மாப்பிள்ளை திரும்ப வந்து, மனுக் கொடுக்க என்னை அந்த அதிகாரிகளின் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய அதிகாரி மாறிவிட்டார், இவர் புதியவர். மனுவைப் படித்தார். காது கேட்காது என்றால் ஏன் பிரதிநிதியாக வந்தீர்கள் என்று கேட்டார். மாப்பிள்ளை அதை என் பக்கம் திரும்பி வாயை அசைத்துக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையே பதில் சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று அப்புறம்தான் எழுதிக் காட்டினார்: “இருபத்தாறு வருசம் அந்தச் சத்தத்துக்குள்ள நிக்க வச்சது நீங்க. இப்ப காது எங்க போச்சுன்னு எங்களக் கேக்குறீக.”

மில் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. பிரேமை வெட்டி எடுத்துப்போன பிறகு அதைக் கேட்டு என்ன? ஆட்சேபணை இல்லை என்ற அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள், என் பெயருக்கு மேலே அது இருக்கக்கூடாது என்று மட்டும் கேட்டோம். டாக்டரம்மா போட்டாரே, அது மாதிரி ஒரு கோடு.

அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையை நன்றாக ஆட்டினார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. மாப்பிள்ளை மேஜைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. மில்லில் பதினாலு வருஷம் பழகிய மனுஷர், அவரே அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். உன்னிடமும் வந்து, ஆபீசர் ஒத்துக்கொண்டார், காரியம் முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கும் ஒரு நப்பாசை. நல்ல சேதியாக எழுதலாம் என்று இரண்டு மாதம் காத்திருந்தேன். போன வாரம் தனியாக ஆபீசுக்குப் போய்ப் பைலைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். அந்த வரி அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

எனக்கு அது அன்றைக்கே தெரியும், செல்வி. அதிகாரி தலையாட்டியபோது மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூன் மாதம் மில் ஆபீசில் உட்கார்ந்து எழுதியவரும் அவர்தான். அன்றைக்கு என் தலை ஆடி நிற்பதற்குள் அவர் பேனா ஓடியது. இந்தத் தடவை அது மூடி போட்டபடி மேஜை மேல் கிடந்தது.

உன் அண்ணன்,
சண்முகவேல்